485 விசாவில் படித்த துறையிலேயே வேலை பிடிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: ஆஸ்திரேலியாவில் முதுகலை முடித்து, பட்டம் பெற்றவர் அங்கே தற்காலிகமாகத் தங்கி வேலை பார்க்க உதவும் 485 விசாவும் கைக்கு வந்துவிட்டது. நான்கு மாதமாக ஒரு கிடங்கில் வேலை. படித்த துறைக்குப் போட்ட விண்ணப்பங்களுக்குப் பதிலே வருவதில்லை. என்ன செய்வது?

485 விசா உங்களைப் படித்த துறையில்தான் வேலை பார்க்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. எந்த முதலாளியிடமும், எந்த வேலையும், எத்தனை மணிநேரமும் பார்க்கலாம். மருத்துவக் காப்பீடு விடுபடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். படித்த துறை அனுபவத்தைக் கேட்கப்போவது இந்த விசா அல்ல, இதற்கு அடுத்த விசா. அதனால்தான் கிடங்கு வேலையில் வாடகை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு, எந்த எச்சரிக்கையும் வராமலேயே இரண்டு வருடம் கரைந்துவிடுகிறது. விசா முடியும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டம் போட்டால்தான் எவ்வளவு அவசரம் என்பது தெரியும்.

எண்ணிப் பார்ப்போம். 2024 ஜூலை 1 முதல் உள்ள விதிப்படி இளங்கலைக்கும், வகுப்பு வழி முதுகலைக்கும் பொதுவாக 2 வருடம், ஆய்வு முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் 3 வருடம் கிடைக்கிறது. இந்தியா–ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தத்தின்படி இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்போருக்கு முதுகலைக்கு 3, முனைவர் பட்டத்துக்கு 4 வருடம் வரை உண்டு. இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் பொது விதிதான்.

முதலாளி ஸ்பான்சர் செய்யும் 482 விசா, 2024 டிசம்பர் 7 முதல் 'ஸ்கில்ஸ் இன் டிமாண்ட்' என்ற பெயரில் வருகிறது. அதற்குக் கடைசி 5 வருடத்துக்குள் துறை சார்ந்த 1 வருட முழுநேர அனுபவம் வேண்டும். ஆஸ்திரேலியா வருவதற்கு முன் அதே துறையில் வேலை பார்த்திருந்தால், கடிதமும் சம்பள ஆதாரமும் இருக்கும்பட்சத்தில் அதுவே போதுமானதாக இருக்கலாம். அப்படி எதுவும் இல்லாதவர் இங்கேதான் அந்த 12 மாதத்தைச் சேர்க்க வேண்டும். 24 மாத விசாவில் 6-வது மாதம் துறை வேலையில் சேர்ந்தால் 18-வது மாதத்தில் ஒரு வருடம் நிறையும், கையில் 6 மாதம் மிஞ்சும். அந்த 6 மாதத்துக்குள் நிறுவனம் ஸ்பான்சராக அனுமதி வாங்க வேண்டும், குறைந்தது 28 நாள் விளம்பரம் போட்டுக் காட்ட வேண்டும், நாமினேஷன் (இந்த வேலைக்கு இவர் என்று குறிக்கும் விண்ணப்பம்) போட வேண்டும், நீங்கள் விசா விண்ணப்பத்தைப் பதிய வேண்டும். 12-வது மாதத்தில் சேர்ந்தால் அனுபவம் நிறையும் நாளும் விசா முடியும் நாளும் ஒன்றாகிவிடும். ஆக, 2 வருட விசாக்காரருக்கு நடைமுறைக் கெடு சுமார் 8-வது மாதம். நான்கு மாதம் போய்விட்டது என்றால் இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. பதற வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம்.

'கிடைக்காவிட்டால் மறுபடி ஏதாவது கோர்ஸில் சேர்ந்துகொள்ளலாம்' என்ற பழைய வழியும் அடைபட்டுவிட்டது. 2024 ஜூலை 1 முதல், 485-இல் இருப்பவர் ஆஸ்திரேலியாவுக்குள் இருந்தபடி மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது.

எந்த வேலை கணக்கில் வரும்

ஒவ்வொரு வேலைக்கும் ஆன்ஸ்கோ என்ற பட்டியலில் ஆறு இலக்க எண் உண்டு. திறன் மதிப்பீடு, முதலாளி ஸ்பான்சர் இல்லாமல் வரும் குடியேற்ற விசாக்களுக்கான புள்ளிக் கணக்கு, ஸ்பான்சர்ஷிப் எல்லாவற்றுக்கும் அந்த எண்தான் அடிப்படை. வேலை தேட உட்காரும் முன் உங்கள் பட்டத்துக்குப் பொருந்தும் எண்ணைக் கண்டுபிடித்து, அதற்குக் கீழே எழுதியிருக்கும் பணிகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஐடி பட்டத்தை ஏசிஎஸ் மதிப்பிடும். பொறியியலுக்கு எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா. கணக்குப் பதிவியலுக்கு சிபிஏ ஆஸ்திரேலியா உள்ளிட்ட மூன்று அமைப்புகள். மேலாண்மை, மார்க்கெட்டிங் போன்ற பலவற்றுக்கு வெட்அசஸ்.

பலர் கவனிக்காமல் விடுவது முதல் நான்கு இலக்கங்களை. புள்ளிக் கணக்கில், நீங்கள் சொல்லும் வேலையோடு 'நெருங்கிய தொடர்புடையது' என்று பொதுவாக ஏற்கப்படுவது அதே நான்கு இலக்கக் குழுவில் இருக்கும் வேலை. 2613 குழுவைப் பாருங்கள்: 261311 அனலிஸ்ட் புரோகிராமர், 261312 டெவலப்பர் புரோகிராமர், 261313 சாஃப்ட்வேர் எஞ்சினியர், 261314 சாஃப்ட்வேர் டெஸ்டர். டெவலப்பர் வேலைக்கு மட்டும் விண்ணப்பித்துக் காத்திருப்பவர் டெஸ்டர் வேலையை ஒதுக்கக் காரணமே இல்லை. இரண்டும் ஒரே குழு. சிவிலுக்கு 2332: அதில் சிவில் எஞ்சினியருடன் ஜியோடெக்னிக்கல், ஸ்ட்ரக்சுரல், டிரான்ஸ்போர்ட் எஞ்சினியரும் குவான்டிட்டி சர்வேயரும் வருகிறார்கள். கணக்கில் 2211-க்குள் பொதுக் கணக்காளர், மேலாண்மைக் கணக்காளர், வரிக் கணக்காளர் மூவரும் உண்டு. புக்கீப்பர் அங்கே இல்லை, அது 551211. ஒரு வருடம் முழுக்க வங்கிக் கணக்கு ஒத்துப்பார்த்து பில் பதிந்தால், பதவிப் பெயர் 'அக்கவுன்டன்ட்' என்று இருந்தாலும் மதிப்பீட்டில் சிக்கல் வரும். பார்ப்பது பதவிப் பெயரை அல்ல, செய்த பணிகளை.

இதையே உங்களுக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். சின்ன அக்கவுன்டிங் அலுவலகத்தில் புக்கீப்பராகச் சேர்பவர் மூன்றாவது மாதத்திலிருந்து நிதி அறிக்கை தயாரிப்பு, கம்பெனி வரிக் கணக்கு போன்றவற்றைக் கேட்டு வாங்கிச் செய்து, பணி விவரத்தை எழுத்தில் மாற்றச் சொன்னால், அந்தத் தேதியிலிருந்து அனுபவத்துக்கு மதிப்பு வரும். ஹெல்ப்டெஸ்க்கில் சேர்பவர் சர்வர், நெட்வொர்க், கிளவுட் நிர்வாகத்துக்கு நகர்வதும் இப்படித்தான். படி ஏறும் வழி இருக்கும் பக்கத்துத் துறை வேலை, கிடங்கைவிடப் பல மடங்கு மேல். ஆனால் அந்த வழி இருக்கிறதா என்பதைச் சேரும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விண்ணப்பம் எங்கே விழுகிறது

பதிலே வராததற்கு முதல் காரணம் பெரும்பாலும் திறமையில் இல்லை, விசா கேள்வியில் இருக்கிறது. சீக் என்ற வேலைவாய்ப்புத் தளத்தில் விண்ணப்பிக்கும்போது, ஆஸ்திரேலியாவில் வேலை செய்யும் உரிமை எப்படிப்பட்டது என்று ஒரு கேள்வி வரும். அதில் 485 போன்ற பட்டதாரி விசாவுக்குத் தனித் தெரிவு உண்டு. அதைக் கவனிக்காமல் 'ஸ்பான்சர்ஷிப் தேவை' என்பதைத் தொட்டால், பல இடங்களில் மனிதர் கண்ணுக்குப் போகும் முன்பே வடிகட்டப்படுவீர்கள். இன்று உங்களுக்கு ஸ்பான்சர்ஷிப் தேவையில்லை என்பதே உண்மை. ரெஸ்யூமேயின் தலைப்பில், போன் எண்ணுக்குக் கீழே ஒரு வரி: 'ஃபுல் ஒர்க்கிங் ரைட்ஸ்', எந்த மாதம், எந்த வருடம் வரை என்பது. தேதியை மறைப்பதால் லாபமில்லை. நிறுவனம் விவோ என்ற அரசு விசா சரிபார்ப்புத் தளத்தில் பார்க்கும்போது எல்லாம் தெரிந்துவிடும்.

அடுத்து ரெஸ்யூமே. இரண்டு பக்கம், அதிகம் போனால் மூன்று. போட்டோ, பிறந்த தேதி, திருமண நிலை, தந்தை பெயர், மதம் எதுவும் வேண்டாம். பட்டியல் வடிவில் மென்பொருள் பெயர்களை அடுக்குவதைவிட, செய்த ஒரு வேலையைச் சொல்வது நன்றாக எடுபடும். 'இறுதியாண்டுத் திட்டத்தில் பைதான், எஸ்க்யூஎல் பயன்படுத்தப்பட்டது' என்ற வரி எதையும் சொல்லவில்லை. 'நகராட்சியின் மூன்று வருடப் பேருந்துத் தரவை எஸ்க்யூஎல்லில் சுத்தம் செய்து, தாமதம் அதிகமான வழித்தடங்களைக் காட்டும் பவர் பிஐ டேஷ்போர்டு அமைத்தேன். நால்வர் குழுவில் தரவுப் பகுதி என் பொறுப்பு' என்றால் படிப்பவர் அடுத்து என்ன கேட்கலாம் என்று யோசிப்பார். அங்கேதான் நேர்காணல் பிறக்கிறது. முன்பு வேலை பார்த்த நிறுவனம் இங்கே யாருக்கும் தெரியாது என்பதால், பெயருக்குப் பக்கத்தில் என்ன தொழில், எத்தனை பேர் என்று அரை வரி சேருங்கள்.

கிடங்கு வேலையை மறைக்க வேண்டாம். ஒரே வரியில் கடைசியில் எழுதுங்கள். நேரத்துக்கு வருகிறார், இங்கத்திய வேலைப் பழக்கம் தெரியும் என்பதற்கு அது சாட்சி. உங்கள் ஷிஃப்ட் சூப்பர்வைசர், உள்ளூர் போன் எண்ணுடன் ஒரு ரெஃபரியாகவும் (உங்களைப் பற்றிச் சான்று சொல்பவர்) நிற்பார். இரண்டாவது ரெஃபரியாகப் பேராசிரியர் அல்லது திட்ட மேற்பார்வையாளரை, முன்கூட்டியே அனுமதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ரெஸ்யூமேயை நூறு இடத்துக்கு அனுப்புவது உழைப்பு மாதிரித் தெரியும், பலன் தராது. விளம்பரத்தில் கேட்டிருக்கும் ஐந்தாறு தேவைகளில் எவை உங்களிடம் இருக்கின்றனவோ அவற்றை அவர்கள் எழுதிய அதே சொற்களில் முதல் பக்கத்தின் மேல்பாதிக்குக் கொண்டுவாருங்கள். விளம்பரம் 'அக்கவுன்ட்ஸ் ரிசீவபிள்' என்றால் நீங்களும் அப்படியே எழுதுங்கள். ஒரு விண்ணப்பத்துக்கு 40 நிமிடம் வைத்து, வாரத்துக்குப் பத்து போடுங்கள். விளம்பரத்தில் பெயரும் எண்ணும் இருந்தால் போட்ட அன்றே அல்லது மறுநாள் கூப்பிட்டுப் பேசுங்கள். நம்மில் பலர் தொந்தரவு ஆகிவிடுமோ என்று தயங்கும் இடம் இது. எண்ணைப் போட்டிருப்பதே கூப்பிடத்தான்.

யாரிடம் போவது

பெரிய நிறுவனங்களின் கிராஜுவேட் புரோகிராம்கள் பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் திறந்து, அடுத்த வருடத் தொடக்கத்தில் சேர்க்கும். அவற்றில் பல, குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிடம் கேட்பவை. மத்திய அரசு வேலைகளுக்குப் பொதுவாகக் குடியுரிமை வேண்டும். தகுதி வரியை முதலில் படித்து, பொருந்தாததை அந்த நிமிடமே மூடிவிடுங்கள்.

485-காரருக்குக் கதவு திறப்பது நடுத்தர, சிறு நிறுவனங்களில்தான். ஐடி என்றால் மற்ற கம்பெனிகளுக்கு ஐடி பராமரிப்புச் செய்துதரும் எம்எஸ்பி நிறுவனங்கள். சிவில் என்றால் பெரிய ஒப்பந்ததாரருக்குக் கீழே வேலை எடுக்கும் துணை ஒப்பந்ததாரர்கள், சர்வே மற்றும் மண் பரிசோதனை நிறுவனங்கள். கட்டுமானத் தளத்துக்குள் நுழைய ஒயிட் கார்டு கட்டாயம். ஒரு நாள் பயிற்சியில் கிடைத்துவிடும், விண்ணப்பிக்கும் முன்பே வாங்கி ரெஸ்யூமேயில் எழுதுங்கள். கணக்கு என்றால் புறநகர் வரி அலுவலகங்கள். இங்கே நிதியாண்டு ஜூன் 30-இல் முடிகிறது, ஜூலை முதல் அக்டோபர் வரை வரித் தாக்கல் நெருக்கடி. அதற்கு ஆள் தேடுவது ஏப்ரல், மே மாதங்களில். ஜீரோ, எம்வொய்ஓபி என்ற கணக்கு மென்பொருள்கள் இரண்டும் தெரிந்திருந்து, பாஸ் அறிக்கை (நிறுவனங்கள் வரித்துறைக்குத் தரும் ஜிஎஸ்டி உள்ளிட்ட கணக்கு) தயாரிப்பது என்ன என்று சொல்லத் தெரிந்தவருக்கு அப்போது வாய்ப்பு அதிகம். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசிவரை ஆளெடுப்பு மந்தம். அந்த நாட்களில் பதில் வராததை வைத்து மனம் தளர வேண்டாம்.

என் பரிந்துரையில் முதலிடம் கான்ட்ராக்ட் வேலைகளுக்கே. நிரந்தர வேலைக்கு ஆளெடுப்பவர், 'விசா முடிந்ததும் போய்விடுவாரே' என்று கணக்குப் போடுவார். மூன்று மாதம், ஆறு மாதம், பிரசவ விடுப்பில் போனவருக்குப் பதில் ஒரு வருடம் என்று தேடுபவருக்கு உங்கள் விசா தேதி இடைஞ்சலே இல்லை. இப்படிப்பட்ட வேலைகள் ஹேஸ், ராபர்ட் ஹாஃப் போன்ற ரெக்ரூட்மென்ட் நிறுவனங்கள் வழியாக நிறைய நிரப்பப்படுகின்றன. இன்று அழைத்து திங்கட்கிழமை வர முடியுமா என்று கேட்பார்கள். அந்த ஐந்து நிமிட அழைப்பில் கேட்கப்படுவது மூன்றே விஷயம்: விசா என்ன, எப்போது சேரலாம், சம்பள எதிர்பார்ப்பு எவ்வளவு. மூன்றுக்கும் தடுமாறாத பதில் இருக்க வேண்டும். '485, இன்ன மாதம் வரை, எந்தக் கட்டுப்பாடும் இல்லை. ஒரு வாரத்தில் சேரலாம். இவ்வளவு, சூப்பர் தனியாக' என்று சொல்லிப் பழகுங்கள். சூப்பர் என்பது முதலாளி சம்பளத்துக்கு மேல் கட்டும் ஓய்வூதியப் பங்கு.

அந்த அழைப்பு பகல் 9 முதல் 5-க்குள் வரும். முழுநேர இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்கும் நேரமும் அதுதான். வாழ்க்கைச் செலவுக்கான வேலையை மாலை, வார இறுதி என்று 20–25 மணிநேரத்துக்குள் சுருக்க முடிந்தால் சுருக்குங்கள். வருமானம் குறையும், ஆனால் துறை வேலை ஆறு மாதம் முந்தினால் அந்த இழப்பைத் தாண்டி ஈடு செய்துவிடும். பெரிய நிறுவனத்தின் கிடங்கில் இருப்பவருக்கு இன்னொரு வழியும் உண்டு. அதே நிறுவனத்தின் சப்ளை செயின், ஊதியப் பிரிவு, ஐடி வேலைகள் முதலில் ஊழியர்களுக்கான உள்பக்கத்தில் வரலாம். அதைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள்.

மெல்போர்ன், சிட்னி, பிரிஸ்பேன் மூன்றையும் தாண்டியும் தேடுங்கள். குடிவரவுக் கணக்கில் அந்த மூன்று பெருநகரங்களைத் தவிர மற்றவை, அடிலெய்டு, பெர்த், கான்பெரா, ஹோபார்ட் உட்பட, ரீஜனல் என்றே வருகின்றன. மாநிலங்கள் நியமிக்கும் விசாக்களில், ரீஜனல் பகுதிக்கான 491-இன் நியமனம் 15 புள்ளி தரும், நிரந்தர விசாவான 190-க்கு 5. தங்கள் எல்லைக்குள் துறை வேலையில் இருப்பவருக்குப் பல மாநிலங்கள் முன்னுரிமை தருகின்றன.

நர்சிங், ஆசிரியர் பணிக்கு வழி வேறு. நர்ஸுகளுக்கான ஆப்ரா பதிவோ மாநில ஆசிரியர் பதிவோ முடியாமல் விண்ணப்பிப்பதில் பயனில்லை. பதிவு முடிந்துவிட்டால் மேலே சொன்ன பாதிக் கஷ்டம் அவர்களுக்கு இல்லை.

சேர்ந்த பிறகு சறுக்கும் இடங்கள்

வேலை கிடைத்த மகிழ்ச்சியில் கையெழுத்துப் போடும் முன் சம்பள வரியை நிதானமாகப் படியுங்கள். 'பேக்கேஜ் 80,000 டாலர், சூப்பர் உட்பட' என்று இருந்தால், 2025 ஜூலை முதல் சூப்பர் 12 சதவீதம் என்பதால், அடிப்படைச் சம்பளம் 80,000 ÷ 1.12, அதாவது சுமார் 71,430 டாலர்தான். 482 விசாவின் கோர் ஸ்கில்ஸ் பிரிவுக்கு 2025 ஜூலை 1-இல் வகுத்த குறைந்தபட்ச வருமானம் 76,515 டாலர், சூப்பர் சேராமல். இந்த வரம்பு ஒவ்வொரு ஜூலையிலும் உயரும். அனுபவம் சேர்க்க 71,430 சம்பளத்தில் சேர்வதில் தவறில்லை, ஆனால் அதே நிறுவனம் ஸ்பான்சர் செய்ய வேண்டுமானால் சம்பளத்தை உயர்த்த வேண்டியிருக்கும் என்பது முதல் நாளிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அனுபவம் என்பது காகிதத்தில் நிற்பது. ஒப்பந்தம், எல்லா பே ஸ்லிப்பும், சூப்பர் கணக்கு அறிக்கை, மைகவ் என்ற அரசுத் தளம் வழியாக எடுத்த வரித்துறை வருமான அறிக்கை இவை நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். கையில் ரொக்கமாக வாங்கிய சம்பளம் இந்தச் சோதனையில் நிற்காது. வேலைக் கடிதம் நிறுவனத் தாளில், தொடக்கத் தேதி, வார மணிநேரம், சம்பளம், பணிகள், கையெழுத்திட்டவரின் பதவி, தொடர்பு எண் எல்லாவற்றுடனும் இருக்க வேண்டும். மேலாளர் மாறிப்போன பிறகு பணிகளை எழுதி வாங்குவது பெரும்பாடு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாங்கி வையுங்கள். புள்ளிக் கணக்குக்கு வாரம் குறைந்தது 20 மணிநேரச் சம்பள வேலை வேண்டும். இங்கே ஒரு வருடம் நிறைந்தால் 5 புள்ளி, 3 வருடத்துக்கு 10. மதிப்பீட்டுக் கடிதத்தில் 'தகுதி எட்டிய தேதி' குறிப்பிடப்பட்டிருந்தால் அதற்குப் பிந்திய மாதங்களே புள்ளிக்கு எண்ணப்படும். ஐடி துறையில் முதல் வருடம் தகுதிக்கே போய்விடுவதால் பலர் இங்கே ஏமாந்துபோகிறார்கள்.

புரொஃபஷனல் இயர் என்ற பட்டதாரிப் பயிற்சி 44 வாரம், அதில் 12 வாரம் இன்டர்ன்ஷிப், முடித்தால் 5 புள்ளி. ஐடி, கணக்கு, பொறியியலுக்கு மட்டும். புள்ளிக்காகவோ மதிப்பீட்டுக்காகவோ எடுப்பது நியாயம். வேலை வாங்கித் தரும் என்று நம்பி ஆயிரக்கணக்கில் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 5 புள்ளி மட்டும் வேண்டும் என்றால் நாட்டி என்ற மொழிபெயர்ப்பாளர் சான்று அமைப்பின் சிசிஎல் மொழித் தேர்வு தமிழிலும் உண்டு. செலவும் நாளும் அதைவிட மிகக் குறைவு.

படிப்பின் பகுதியாக இல்லாமல், 'மூன்று மாதம் சம்பளமில்லாமல் பாருங்கள், பிறகு எடுத்துக்கொள்கிறோம்' என்று சொல்லி, நிறுவனத்துக்குப் பயன்படும் வேலையை வாங்குவது பெரும்பாலும் சட்டவிரோதம். 'ஏபிஎன் (சுயதொழில் செய்பவரின் வணிக எண்) எடுத்து வா' என்று சொல்லி, ஊழியர் போலவே நேரம் குறித்து வேலை வாங்குவதும் அப்படியே. அதில் சூப்பரும் போகும், விடுப்பும் போகும், ஆதாரமும் பலவீனமாகும். ஸ்பான்சர்ஷிப்புக்குப் பணம் கேட்பது 2015 டிசம்பர் முதல் குற்றம். கொடுப்பவரும் மாட்டுவார், அவர் விசாவும் ரத்தாகலாம். ஸ்பான்சர் செய்யும் நிறுவனம் கட்ட வேண்டிய பயிற்சி வரி, ஆண்டு வருவாய் 1 கோடி டாலருக்குக் கீழே என்றால் வருடத்துக்கு 1,200 டாலர், மேலே என்றால் 1,800. அதை உங்கள் தலையில் கட்டக் கூடாது. போலி அனுபவக் கடிதம் பிடிபட்டால் பொதுநல விதி 4020-இன் கீழ் மூன்று வருடம் எந்த விசாவும் கிடைக்காமல் போகலாம். காசுக்குக் கடிதம் தருகிறோம் என்பவர்களிடமிருந்து விலகியே இருங்கள்.

சம்பளப் பிரச்சினை என்றால் ஃபேர் ஒர்க் ஆம்பட்ஸ்மன் என்ற அரசு அமைப்பு, எண் 13 13 94. மொழிபெயர்ப்பாளர் வைத்துத் தமிழிலேயே பேசலாம். விசா ஆலோசனைக்குப் போகும் ஏஜென்ட்டிடம் அவருடைய எம்ஏஆர்என் பதிவு எண்ணைக் கேட்டு, பதிவுத் தளத்தில் பெயரைச் சரிபார்த்த பிறகே பணம் கட்டுங்கள். அந்த ஆலோசனையை விசா முடிய இரண்டு மாதம் இருக்கும்போது எடுக்காமல், துறை வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே எடுத்துவிடுங்கள். எந்த எண்ணின் கீழ் மதிப்பீடு, எந்தப் பணிகள் கடிதத்தில் வர வேண்டும் என்பது அப்போதே தெரிந்தால், அதற்கேற்ற பணிகளை மேலாளரிடம் கேட்டு வாங்க ஒரு வருடம் முழுதாக இருக்கும்.